தொட்ட காய்

வயதுவந்தோர் சதுரங்க மேம்பாட்டுப் பேரவையின் வாசலில் ஒரு பலகை தொங்குகிறது. ‘எமது உறுப்பினர் எவரும் இன்றுவரை தோற்றதில்லை’ என்று அதில் பொன்னெழுத்தில் பொறித்திருக்கிறார்கள். பேரவையின்மேல் யாருக்கு என்ன வருத்தம் இருந்தாலும், இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் பொய் சொன்னதாக யாரும் வாயெடுக்க முடியாது. அப்பழுக்கில்லாத உண்மை. அந்த உண்மையைக் காப்பாற்ற அவர்கள் பட்ட பாட்டுக்குக் கண்ணாடிக்காரர் சாட்சி.

கண்ணாடிக்காரர் என்றால் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். மருந்துக்கடைக்கும் செருப்புக்கடைக்கும் நடுவே அவருடைய கடை. நாற்பதைத் தாண்டிய மனிதர். சுவரில் எழுத்துப் பலகையை மாட்டிவைத்து, “மேல் வரிசையை வாசிங்க, இப்ப கீழ் வரிசையை வாசிங்க” என்று நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். யாரோடும் வம்புக்குப் போகாதவர். அப்படிப்பட்டவரிடமும் முகம் கொடுத்துப் பேசாத ஒரு ஆள் உண்டு. அது அவருடைய மாமனார்.

மாமனார் ரயில் எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்றவர். மகள் தன் இஷ்டப்படி கண்ணாடிக்காரரைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து மாப்பிள்ளையோடு அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. மாமியார் போன பிறகு தனியாக இருக்க முடியாமல் மகள் வீட்டுக்கே வந்து சேர்ந்தார். வந்தும் வாய் திறக்கவில்லை. இருவரும் ஒரே சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். மாமனார் சமையலறையைப் பார்த்துக் குரல் கொடுப்பார்.

“அம்மாடி, அவரைக் கொஞ்சம் ஃபேனைக் குறைக்கச் சொல்லு.”

“ஏங்க, அப்பா ஃபேனைக் குறைக்கச் சொல்றாரு” என்று மனைவி உள்ளேயிருந்து சொல்லுவாள்.

கண்ணாடிக்காரர் எழுந்து குறைத்துவிட்டு, “போதுமான்னு கேளு” என்பார். அவள் கேட்பாள். “போதும்னு சொல்லு” என்று பதில் வரும். அவள் சொல்லுவாள். ஃபேன் ஒரு நிலைக்கு வருவதற்குள் அடுப்பில் பால் பொங்கி வழிந்திருக்கும்.

மாமனாருக்கு இந்த உலகத்தில் மிச்சமிருந்த ஒரே ஆசை சதுரங்கம். வேலையில் இருந்தபோது எஞ்சின் ஓட்டுநர்களின் ஓய்வறையில், அடுத்த வண்டி வரும்வரை ஆடிப் பழகிய ஆட்டம். இப்போது சாயங்காலமானால் சாப்பாட்டு மேஜையில் பலகையை விரித்துக் காய்களை அடுக்குவார். தன் பக்கத்துக்கு ஒன்று ஆடுவார். பிறகு எழுந்து, மேஜையைச் சுற்றிக்கொண்டு எதிர் நாற்காலிக்குப் போய் மறுபக்கத்துக்கு ஒன்று ஆடுவார். மறுபடி சுற்றி வருவார். முழங்கால் வலி உள்ள மனிதர்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கண்ணாடிக்காரர் அந்த எதிர் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார். பள்ளிக்கூட நாட்களில் ஏதோ கொஞ்சம் ஆடியிருந்தார். அந்தத் தைரியத்தில் குதிரையை நேர்கோட்டில் ஓட்டினார். மாமனார் குதிரையை ஒரு பார்வை பார்த்தார். காய்களையெல்லாம் வாரிப் பெட்டியில் போட்டார். சமையலறைப் பக்கம் திரும்பினார்.

“அம்மாடி, ஆடத் தெரிஞ்சுக்கிட்டு வரச் சொல்லு.”

ஃபேன், லைட், தண்ணீர்க் குழாய் எதிலும் சம்பந்தப்படாமல் மாமனார் அவரைப் பற்றிச் சொன்ன முதல் வாக்கியம் அது. கண்ணாடிக்காரர் கடையில் உட்கார்ந்து அதையே திருப்பித் திருப்பி யோசித்தார். வராதே என்று சொல்லவில்லையே. வரச் சொல்லு என்றுதானே சொன்னார்.

அதே வாரத்தில் மாமனார் அலமாரி மேலிருந்து தன் சூட்கேஸை இறக்கி, தூசி தட்டிக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார். கோடை முடிந்ததும் மூத்த மகன் வீட்டுக்குப் போகப்போகிறாராம். “இங்க பேச்சுத்துணைக்கு ஆளில்லம்மா” என்று மகளிடம் சொல்லியிருக்கிறார். அன்று வீட்டில் பாத்திரங்கள் வழக்கத்தைவிடச் சத்தமாக விழுந்தன.

“அண்ணன் வீட்டுல அண்ணிக்கும் இவருக்கும் ஆகவே ஆகாது. போனா ஒரு மூலையில ஒடுங்கிக் கெடப்பாரு” என்றாள் மனைவி. “நீங்க ஏதாவது பண்ணுங்க.”

“நான் என்ன பண்றது? என்கிட்டதான் பேசவே மாட்டேங்கறாரே.”

“அதான் ஆடத் தெரிஞ்சுக்கிட்டு வரச் சொல்லிட்டாருல்ல? போய்த் தெரிஞ்சுக்கிட்டு வாங்க.”

இப்படித்தான் கண்ணாடிக்காரர் பேரவையின் படியேறினார்.

பேரவையின் கூடம் நீளமானது. வரிசையாக மேஜைகள். ஒவ்வொரு மேஜையிலும் பலகை, பலகையில் காய்கள், காய்களுக்கு மேல் ஒரு கண்ணாடிக் கூண்டு, கூண்டுக்கு ஒரு பூட்டு. சுவரில் முன்னாள் தலைவர்கள் கன்னத்தில் விரல் வைத்துப் படங்களில் யோசித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே சட்டம்போட்டு ஒரு வாசகம் மாட்டியிருந்தது: ‘தொட்ட காயை ஆட வேண்டும்.’

தொழில் புத்தி சும்மா இருக்குமா? “கூண்டெல்லாம் ஒரே தூசியா இருக்கே சார். துடைச்சா உள்ள இருக்கறது நல்லாத் தெரியுமே” என்றார் கண்ணாடிக்காரர்.

“தெரிஞ்சா ஆசை வரும்” என்றார் செயலாளர். பேரவையில் பாடம் நடத்துவதும் பூட்டுச் சாவி வைத்திருப்பதும் அவர்தான். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். “இதுக்கு முன்னாடி ஆடியிருக்கீங்களா?”

“சின்ன வயசுல கொஞ்சம் சார்.”

“தோத்திருக்கீங்களா?”

“ஆடினா தோக்கத்தானே சார் செய்வோம்?”

செயலாளர் எழுந்துபோய்ச் சன்னல் கதவைச் சாத்திவிட்டு வந்தார். “நான் கேட்டது கடமைக்காக. நீங்க அந்த வார்த்தையை இந்தக் கட்டடத்துக்குள்ள சொல்லக் கூடாது. ‘வெற்றி தள்ளிப்போச்சு’ன்னு சொல்லணும்.”

பழைய ரணங்கள் ஆறுவதற்காகக் கண்ணாடிக்காரரைச் சில வாரங்கள் சுவரைப் பார்த்த ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். பக்கத்து நாற்காலியில் ஏற்கெனவே ஒரு அம்மாள் இருந்தார். ஊரில் பெயரெடுத்த பல் டாக்டர். ஏதோ ஒரு விடுமுறையில் தம்பியோடு ஆடியபோது அவருக்கு வெற்றி தள்ளிப்போயிருந்தது.

சுவர் பார்த்து முடிந்ததும் பாடம் தொடங்கியது. முதல் பாடம் உட்காருவது. முழங்கை மேஜை விளிம்பில் இருக்க வேண்டும். விரல் கன்னத்தில். பார்வை பலகைக்குச் சற்று மேலே, எதிராளியின் காதுக்குச் சற்று அப்பால்.

“பலகையைப் பாக்கக் கூடாதா சார்?” என்று கேட்டார் கண்ணாடிக்காரர்.

“தெரியாதவன்தான் பாப்பான். தெரிஞ்சவன் எதுக்குப் பாக்கணும்?”

வீட்டில் அவர் இதைப் பயிற்சி செய்தபோது, மனைவி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தைலம் எடுத்துவந்து நெற்றியில் தேய்த்துவிட்டாள். பல்வலி என்றால் அந்த டாக்டரம்மாவிடமே காட்டலாமே என்றும் சொன்னாள்.

அடுத்த பாடம் கைகுலுக்குவது. வெற்றிக் கைகுலுக்கல், சமநிலைக் கைகுலுக்கல் என்று இரண்டு வகை. வெற்றிக் கைகுலுக்கலில் உதடு விரியக் கூடாது, கண் மட்டும் லேசாகச் சுருங்கலாம். சமநிலைக் கைகுலுக்கலில் இருவரும் ஒரே சமயத்தில் பெருமூச்சு விட வேண்டும். பல் டாக்டர் இந்தப் பாடத்திலேயே நெடுங்காலம் தங்கிவிட்டார்.

“கை குடுக்கும்போது எதிராளி வாயை ஏம்மா பாக்கறீங்க?” என்று செயலாளர் அலுத்துக்கொள்வார்.

“பழக்கம் சார். கொஞ்சம் சிரிச்சாருன்னா கடைவாய் தெரியும்.”

கண்ணாடிக்காரருக்கு ஒரு சந்தேகம். “மூணாவதா ஒண்ணு இருக்கணுமே சார்? நமக்கு வெற்றி தள்ளிப்போனா அப்ப எப்படிக் கை குடுக்கறது?”

“பாடத்திட்டத்துல இல்ல.”

“ஏன் சார்?”

“இதுவரைக்கும் தேவைப்பட்டதில்ல” என்று செயலாளர் சொன்னார். வகுப்பு கைதட்டியது.

காய்களைச் சதுரத்தின் நடுவில் நிறுத்தும் பாடத்தை மட்டும் பேரவைத் தலைவரே நேரில் வந்து நடத்துவார். அன்று ஒரே ஒரு கூண்டைத் திறந்துவைப்பார்கள். எல்லோரும் எழுந்து நின்றார்கள். தலைவர் வாட்டசாட்டமான மனிதர். நடு விலகிய எதையும் அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. வரும் வழியில் வாசலில் கிடந்த செருப்புகளை நேராக்கினார். தட்டில் ஒதுங்கியிருந்த தேநீர்க் கோப்பையை நடுவுக்குக் கொண்டுவந்தார். கண்ணாடிக்காரரின் சட்டைக் காலரைப் பிடித்து, “சரிசெய்கிறேன்” என்று சொல்லிச் சரிசெய்தார். பிறகு உரையாற்றினார்.

“அன்பர்களே! ஒரு காயைத் தொட்டுவிட்டால் அதை ஆடியே தீர வேண்டும். இது உலகம் முழுவதும் உள்ள சட்டம். இடம் விலகிய காயைச் சீராக்க மட்டும் தொடலாம். அதற்கும் ‘சரிசெய்கிறேன்’ என்று முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாமல் தொட்டால் ஆட வேண்டியதுதான். ஆடினால் என்ன ஆகும்? எதிராளியும் ஆடுவார். அவர் ஆடினால் நாம் மறுபடியும் ஆட வேண்டியிருக்கும். இது எங்கே போய் முடியும்? சதுரங்கத்தில் தவறுகள் எப்போது நேர்கின்றன என்று நமது பேரவை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தது. எல்லாத் தவறுகளும் ஆடும்போதுதான் நேர்ந்திருக்கின்றன! ஆடாதபோது ஒரு தவறுகூட நேர்ந்ததாகத் தகவல் இல்லை.”

கைதட்டல் ஓய்வதற்காகத் தலைவர் காத்திருந்தார்.

“என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். நான் கடைசியாக ஆடிய ஆட்டத்தில் வென்றேன். அன்றோடு நிறுத்திக்கொண்டேன். வென்ற பிறகும் ஆடுகிறவன் வேறு எதைத் தேடுகிறான்?”

பல் டாக்டர் கையைத் தூக்கினார். “அந்த ஆட்டத்துல எந்தக் காயை வச்சு சார் ஜெயிச்சீங்க?”

“எதிராளி வரவில்லை” என்றார் தலைவர். “வராதவரை வெல்வதுதான் கடினம் அம்மா. அவர் மனதில் என்ன திட்டம் வைத்திருந்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.”

அதன்பிறகு ஆளுக்கு ஒரு சிப்பாயைப் பஞ்சு சுற்றிய குச்சியால் நடுவுக்குத் தள்ளிப் பழகினார்கள். கண்ணாடிச் சில்லைச் சட்டத்தில் நடுப்பிசகாமல் பொருத்திப் பொருத்திப் பழகிய கை. கண்ணாடிக்காரர் வகுப்பிலேயே முதலாவதாக வந்தார். தலைவர் அவர் முதுகில் தட்டினார்.

பிறகு ஆண்டுப் போட்டி வந்தது. உறுப்பினர்கள் எல்லோரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள். மணி அடித்தது. கடிகாரங்கள் ஓடத் தொடங்கின. கண்ணாடிக்காரருக்கு எதிரே பல் டாக்டர், கன்னத்தில் விரலோடு.

“டாக்டர், கூண்டு பூட்டியிருக்கே. எப்படி ஆடறது?” என்று அவர் கிசுகிசுத்தார்.

“ஷ்ஷ்! யோசிங்க.”

யோசித்தார்கள். மறுபடி மணி அடித்தது. கூடமே எழுந்து சமநிலைக் கைகுலுக்கல் செய்து ஒரே பெருமூச்சாக விட்டது. எல்லா ஆட்டங்களும் சமன். எல்லோருக்கும் முதலிடம். பரிசுக் கோப்பையை எல்லோரும் சேர்ந்து பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். படத்தில் கைகள் தெரிகின்றன, கோப்பை தெரியவில்லை. விழா முடிவில் கண்ணாடிக்காரரின் சட்டையில் ‘முதுநிலைத் தொடக்கக்காரர்’ என்ற வில்லையைக் குத்தினார்கள்.

அவர் அன்று கால் தரையில் படாமல் வீட்டுக்கு வந்தார். சூட்கேஸ் இன்னும் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. மாமனார் வழக்கம்போலப் பலகையை விரித்து, தன் பக்கம் உட்கார்ந்து, எதிர்ப்பக்கம் போகலாமா என்று முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். கண்ணாடிக்காரர் வில்லையோடு போய் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். எப்படி உட்கார்ந்தார் தெரியுமா! முழங்கை விளிம்பில், விரல் கன்னத்தில், பார்வை மாமனாரின் காதுக்கு அப்பால். மாமனார் திரும்பித் தன் காதுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்தார். நாட்காட்டிதான் இருந்தது.

“சரிசெய்கிறேன்” என்று சொல்லிக் கண்ணாடிக்காரர் எல்லாக் காய்களையும் நடுவில் நிறுத்தினார். மாமனாருடைய காய்களையும் விடவில்லை. அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியவில்லை. மாமனார் காத்திருந்தார். குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது. கடைசியில் கண்ணாடிக்காரர் எழுந்து கையை நீட்டிப் பெருமூச்சு விட்டார்.

மாமனார் அந்தக் கையைத் தொடவில்லை. காய்களை வாரிப் பெட்டியில் போட்டார். “அம்மாடி, கை குடுக்கத்தான் கத்துக்கிட்டு வந்திருக்காரு” என்று சமையலறைக்குச் சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

மனைவி கரண்டியோடு வெளியே வந்தாள். அவள் கோபத்தைக் கண்ணாடிக்காரர் முன்பும் பார்த்திருக்கிறார். ஆனால் இப்படிக் கண் கலங்கிய கோபத்தைப் பார்த்ததில்லை.

“இவ்வளவு நாளா அங்க என்னதான் சொல்லிக் குடுத்தாங்க?”

“தோக்காம இருக்கறது எப்படின்னு.”

“யாருங்க உங்களை ஜெயிக்கச் சொன்னா? எங்கப்பாவுக்கு எதிர்ல பெரிய ஆட்டக்காரரா வேணும்? ஒரு ஆள் வேணுங்க. அந்த மனுஷன் எழுந்து எழுந்து சுத்தி வர்றாரே, அது நிக்கணும். போய்த் தோத்துத் தொலைங்க!”

கண்ணாடிக்காரர் வில்லையைக் கழற்றி மேஜை இழுப்பறையில் போட்டார்.

மறுநாள் சாயங்காலம் மாமனார் காய்களை அடுக்கியதும் அவர் போய் உட்கார்ந்தார். விரல் கன்னத்துக்குப் போகப் பார்த்தது. இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஒரு சிப்பாயைக் கையால் தொட்டு இரண்டு கட்டம் தள்ளினார். மாமனார் அவரை நிமிர்ந்து பார்த்தார், பதிலுக்கு ஒரு சிப்பாயைத் தள்ளினார். பிறகு நடந்ததை ஆட்டம் என்று சொல்வது மாமனாருக்கு மரியாதை இல்லை. முதலில் கண்ணாடிக்காரரின் குதிரை போனது. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மந்திரி போனது. ராணியை அவரே கொண்டுபோய் யானைக்கு முன்னால் நிறுத்தினார். ஊருக்கெல்லாம் பார்வை சோதிக்கிறவருக்கு எதிரே நின்ற யானை தெரியவில்லை. அவருடைய ராஜா மூலையில் மாட்டிக்கொண்டபோது, சமையலறையில் தாளிக்க வைத்த எண்ணெய்கூடக் காயவில்லை.

தோற்றாயிற்று. முறைப்படி கை கொடுக்க வேண்டும். வெற்றிக்குத் தெரியும், சமனுக்குத் தெரியும், இதற்குத் தெரியாதே! கையை நீட்டினார், பாதியில் நிறுத்தினார், திருப்பிப் பார்த்தார், மடக்கப் போனார். அந்தரத்தில் தொங்கிய அந்தக் கையை மாமனார் எட்டிப் பிடித்தார். எஞ்சின் ஓட்டிய கை, இரும்பாக இருந்தது. கல்யாணத்தன்றுகூட அவர் தொடாத கை இது.

“ஏன் மாப்பிள்ளை, குதிரையைக் கொண்டாந்து அங்க வச்சா நான் சும்மா இருப்பேனா?”

மாப்பிள்ளை. நேராக, முகத்தைப் பார்த்து, நடுவில் ஆள் இல்லாமல். கண்ணாடிக்காரர் “கவனிக்கல மாமா” என்று மட்டும் சொன்னார். சமையலறையில் எண்ணெய் புகைந்தது. அடுப்பை அணைக்க அங்கே ஆள் இல்லை. மனைவி சமையலறை வாசற்படியில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றாள்.

அடுத்த நாளும் தோற்றார். அதற்கடுத்த நாளும் தோற்றார். தோற்கத் தோற்க அவருக்கு ஒரு யோசனை வந்தது. ஒவ்வொரு முறை காயைத் தொடுவதற்கு முன்னாலும் பலகையை மேல் வரிசையிலிருந்து கீழ் வரிசை வரை, எழுத்துப் பலகையை வாசிப்பதுபோல, வாய்க்குள் வாசித்தார். யானை, காலி, மந்திரி, காலி. இப்படி வாசித்ததில் எதிரே நிற்பவை கண்ணில் படத் தொடங்கின. இப்போது அவருடைய ராணி முன்னைவிட அதிக நேரம் உயிரோடு இருந்தாள்.

“இங்க என்ன கண் டெஸ்டா நடக்குது? சட்டுன்னு ஆடுங்க மாப்பிள்ளை” என்று மாமனார் சிடுசிடுப்பார்.

“இருங்க மாமா, கீழ் வரிசை பாக்கி இருக்கு.”

“வண்டி எத்தனை நேரம்தான் சிக்னல்ல நிக்கும்?”

அந்த வீட்டில் சாயங்காலமானால் இதே சண்டை. ஒருநாள் கண்ணாடிக்காரர் குதிரையைச் சரியான இடத்தில் வைத்துவிட்டார். மாமனார் மூக்கைத் தேய்த்துக்கொண்டு, “ம்” என்று சொல்லி, நெடுநேரம் யோசித்தார். அன்றும் தோல்விதான். ஆனால் அந்த ‘ம்’ கண்ணாடிக்காரருக்கு ஒரு வாரத்துக்குப் போதுமானதாக இருந்தது. கோடை முடிந்தது. சூட்கேஸ் தானாக அலமாரி மேலே ஏறிக்கொண்டது.

வினை செயலாளரின் உருவில் வந்தது. மூக்குக்கண்ணாடியின் கால் ஒடிந்துபோய்ச் சரிசெய்ய அவர் கடைக்கு வந்தார். கண்ணாடிக்காரர் சும்மா இருந்திருக்கலாம். திருகாணியை முடுக்கிக்கொண்டே, பெருமை தாங்காமல் சொல்லிவிட்டார்.

“நேத்துகூடத் தோத்தேன் சார். ஆனா, சுலபமா இல்ல!”

செயலாளர் கண்ணாடியை வாங்கிக்கொள்ளாமலே ஓடினார். அன்றே அவசரக் கூட்டம். மறுநாள் சாயங்காலம், பலகை விரித்திருந்த நேரம் பார்த்து, தலைவரும் செயலாளரும் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். மனைவி தேநீர் கொடுத்தாள். தலைவர் கோப்பையைத் தட்டின் நடுவுக்கு நகர்த்திவிட்டுத் தொடங்கினார்.

“அன்பரே! பேரவையின் வாசலில் ஒரு பலகை உண்டு. பல தலைமுறை உழைப்பு அது. எத்தனையோ பெரியவர்கள் ஆட வேண்டும் என்ற ஆசையை அடக்கி, அடக்கி, அடக்கியே காலமாகி, அந்தப் பலகையைக் காப்பாற்றியிருக்கிறார்கள். உம்மால் அதைக் கழற்ற வேண்டிய நிலைமை. ஒரு வழிதான் இருக்கிறது. அப்படி ஓர் ஆட்டம் நடக்கவேயில்லை என்று சொல்லிவிடும். நீர்தான் அடுத்த துணைத் தலைவர்.”

“ஒரு ஆட்டம் இல்ல சார், தினமும் ஆடறேன்” என்றார் கண்ணாடிக்காரர்.

செயலாளர் சுவரைப் பிடித்துக்கொண்டார். “தினமுமா? தினமும் தள்ளிப்போகுதா?”

“எல்லாமே நடக்கவில்லை என்று சொல்லும்” என்றார் தலைவர்.

கண்ணாடிக்காரர் மாமனாரைப் பார்த்தார். மாமனார் தலை நிமிராமல் காய்களை அடுக்கிக்கொண்டிருந்தார். ஆனால் ஒரே சிப்பாயை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். எதிர் நாற்காலிப் பக்கம் வைத்த ஓரச் சிப்பாய் கட்டத்தை விட்டுப் பாதி வெளியே நின்றது.

“அதை மட்டும் சொல்ல மாட்டேன் சார்” என்றார் கண்ணாடிக்காரர். “என்னை நீக்கிக்கோங்க. வில்லையை எடுத்துட்டுப் போங்க. அந்த ஆட்டம் நடந்துச்சு. முதல் ஆட்டத்துல குதிரை போச்சு, மந்திரி போச்சு, ராணியை நானே கொண்டுபோய்க் குடுத்தேன். நல்லாத் தோத்தேன் சார். அன்னிக்குத்தான் இவரு என்னை மாப்பிள்ளைன்னு கூப்பிட்டாரு. அதை நடக்கலன்னு நான் எப்படிச் சொல்லுவேன்?”

மாமனார் சிப்பாயைக் கீழே வைத்தார். தலைவர் பதில் சொல்ல வாயெடுத்தார். ஆனால் அவர் கண் பலகையை விட்டு நகரவில்லை. அந்த ஓரச் சிப்பாய் பாதி வெளியே, பாதி உள்ளே நின்றது. பார்வையைத் திருப்பினார். அது தானாகத் திரும்பி வந்தது. நெற்றியில் வியர்வை பூத்தது. மெள்ளக் குனிந்தார். விரலை நீட்டினார். சிப்பாயைக் கட்டத்தின் நடுவுக்கு நகர்த்தினார். அப்போதுதான் அவருக்கு மூச்சு வந்தது.

“தொட்டாச்சு” என்றார் மாமனார்.

தலைவருக்கு முகம் வெளுத்தது. “நான் சரிசெய்தேன்.”

“சொல்லலையே. சொல்லிட்டுத் தொடணும். தொட்ட காயை ஆடணும்.”

“தலைவரே, வாங்க, போயிடலாம்!” என்று செயலாளர் கையைப் பிடித்து இழுத்தார். தலைவர் நகரவில்லை. அந்தச் சட்டத்தைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியதே அவர்தான். மாட்டிய பிறகு அது நேராக இருக்கிறதா என்று பலமுறை சரிபார்த்தவரும் அவர்தான். நின்றபடியே யோசித்தார். பிறகு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். முழங்கை விளிம்பில் இல்லை. விரல் கன்னத்தில் இல்லை. ஒரு காலை மடக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டு, பலகையை மட்டுமே பார்த்தார். ஓரச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினார்.

மாமனார் ஆடினார். தலைவர் ஆடினார். செயலாளர் ஏதோ சொல்ல வந்தார்.

“வெளிச்சத்தை மறைக்காம நில்லும்” என்றார் தலைவர்.

குதிரை போனது. மந்திரி போனது. தலைவர் “ஐயோ!” என்று வாய்விட்டுச் சொன்னார், உடனே குழந்தைபோலச் சிரித்தார். தேநீர்க் கோப்பை தட்டின் ஓரத்துக்கு வந்திருந்தது, அவர் கவனிக்கவில்லை. கண்ணாடிக்காரர் பக்கத்தில் நின்று, “மேல் வரிசையைப் பாருங்க சார்” என்று பதறினார். “பக்கத்துல நின்னு சொல்லக் கூடாது மாப்பிள்ளை, அடுத்தது நீங்கதானே!” என்று மாமனார் அதட்டினார். ராணியைக் கொண்டுபோய்த் தலைவர் அதே யானைக்கு முன்னால் நிறுத்தினார். கொஞ்ச நேரத்தில் அவருடைய ராஜா அதே மூலையில் மாட்டிக்கொண்டது.

தலைவர் எழுந்தார். முறை தெரிந்த மனிதர், கையை நீட்டினார். பாதி வழியில் கை நின்றுவிட்டது. அதைத் திருப்பிப் பார்த்தார். செயலாளரைப் பார்த்தார். செயலாளருக்குப் பாடத்திட்டத்தில் இல்லாதது எப்படித் தெரியும்? கடைசியில் தலைவர் கண்ணாடிக்காரரிடம் தலையைச் சாய்த்து, மெதுவாகக் கேட்டார்.

“இதற்கு எப்படிக் கொடுப்பது?”

“ஒண்ணும் பண்ண வேண்டாம் சார்” என்றார் கண்ணாடிக்காரர். “சும்மா நீட்டுங்க. அவரே புடிச்சுப்பாரு.”